அக்டோபர் 2018: கோப்புகளை அழித்த விண்டோஸ் அப்டேட் – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 1809 என்னும் பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆண்டுக்கு இருமுறை பெரிய அப்டேட் தருவது என்ற அக்காலத்து வழக்கப்படி, ஏப்ரலில் வந்த 1803-ஐ அடுத்து வந்த பதிப்பு இது. இதை நிறுவியவர்களில் சிலர், கணினி அணைந்து மீண்டும் திரை தெளிந்தபோது, டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் முதலிய கோப்புறைகளில் தாங்கள் வைத்திருந்தவை இல்லாமற்போனதைக் கண்டனர். இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த 220 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகள் மொத்தமாகப் போய்விட்டன என்று பயனர் ஒருவர் முறையிட்டிருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபர் 9 அன்று காரணத்தை விளக்கி அறிக்கை வெளியிட்ட மைக்ரோசாஃப்டின் ஜான் கேபிள், கோப்பு இழப்பு பற்றி வந்த புகார்கள் மொத்த நிறுவல்களில் ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு என்றார். அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளிவந்தது.

பத்தாயிரத்தில் ஒன்று என்பது காதுக்குச் சிறிய எண்தான். அப்போது விண்டோஸ் 10 ஏறத்தாழ 70 கோடிக் கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தடுக்கப்படாமல் எல்லாக் கணினிகளுக்கும் சென்றிருந்தால் எழுபதாயிரம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இதே நிலை வந்திருக்கும். இது புகார் தந்தவர்களை மட்டும் கொண்டு போட்ட கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பழைய புகைப்படக் கோப்புறை காணாமற்போனவர், அதை அந்த வாரத்திலேயே கவனித்திருக்க வழியில்லை.

இந்த நிகழ்வைப் பல ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. கணினியைப் பற்றிக் கவலையே படாமல் போட்டது போட்டபடி வைத்திருந்தவர்கள் இதில் பெரும்பாலும் தப்பினார்கள். சி டிரைவ் நிரம்பிவிடக் கூடாது என்று கோப்புறைகளை இடம் மாற்றியவர்கள், கோப்புகளை இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பை முன்கூட்டியே பயன்படுத்தத் தொடங்கியவர்கள், அப்டேட் வந்ததா என்று தாமே தேடிப்போய்ப் பார்த்தவர்கள் ஆகியோர்தாம் சிக்கினார்கள். கவனம் இருந்தது, ஆனால் அந்தக் கவனம் கோப்புகளை இடம் மாற்றுவதோடு நின்றது, இரண்டாவது நகல் ஒன்றை எடுத்து வைப்பதுவரை செல்லவில்லை.

ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, டாக்குமெண்ட்ஸ் என்ற கோப்புறையை விண்டோஸ் எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் முதலியவற்றை விண்டோஸ் சாதாரணக் கோப்புறைகளாகக் கருதுவதில்லை. அவை அதற்குத் 'தெரிந்த கோப்புறைகள்'. டாக்குமெண்ட்ஸ் எங்கே என்று ஒரு மென்பொருள் கேட்டால், விண்டோஸ் தன் குறிப்பேட்டைப் பார்த்து ஒரு முகவரியைச் சொல்கிறது. தொடக்கத்தில் அந்த முகவரி சி டிரைவில், யூசர்ஸ் கோப்புறைக்குள், பயனரின் பெயரிலுள்ள கோப்புறையைச் சுட்டுகிறது. பயனர் விரும்பினால் அதை டி டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்குக்கோ மாற்றிவிடலாம். கோப்புறையின் பண்புகள் சாளரத்தில் 'லொகேஷன்' என்ற பகுதியில் இதைச் செய்யலாம்.

மாற்றும்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லட்டுமா? ஆம் என்றால் சிக்கல் இல்லை. இல்லை என்று சொன்னாலோ, சில கோப்புகள் எக்காரணத்தாலோ பழைய இடத்திலேயே தங்கிவிட்டாலோ, கணினியில் டாக்குமெண்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உருவாகிவிடும். ஒன்று விண்டோஸ் இப்போது சுட்டுகிற புதிய இடம். மற்றொன்று எவரும் சுட்டாத, ஆனால் கோப்புகள் இன்னும் இருக்கிற பழைய இடம். நினைவில் வைத்திருந்து பழைய முகவரிக்குப் போய்ப் பார்ப்பவருக்கு அவை கிடைக்கும். விண்டோஸைப் பொறுத்தவரை அது பயன்பாட்டில் இல்லாத கோப்புறை.

ஏப்ரல் 2018 பதிப்பில், இப்படி இடம் மாற்றியிருந்த பயனர்களுக்குப் பழைய இடத்தில் வெற்றுக் கோப்புறைகள் தேவையில்லாமல் முளைக்கின்றன என்ற குறை எழுந்தது. தொல்லை சிறிதுதான், கண்ணை உறுத்தும், அவ்வளவே. அதைச் சரிசெய்வதற்காக, காலியாக உள்ள இரட்டைக் கோப்புறைகளை நீக்கும் நிரல் ஒன்றை அக்டோபர் பதிப்பில் சேர்த்தனர். அப்டேட் கட்டமைக்கப்படும் வரிசையில் செய்யப்பட்ட வேறொரு மாற்றத்தோடு இந்த நிரல் சேர்ந்தபோது, விளைவு மாறிப்போனது. காலியாக இருக்கும் கோப்புறையை மட்டும் நீக்க வேண்டியது, பழைய இடத்திலிருந்த கோப்புறையை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கிவிட்டது. புதிய இடத்தில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவின் முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்தியவர்கள் வேறொரு வழியாக இதே குழியில் விழுந்தார்கள். அதில் 'ஆட்டோ சேவ்' என்ற அமைப்பை இயக்கினால், டாக்குமெண்ட்ஸ் அல்லது பிக்சர்ஸ் கோப்புறையின் முகவரியை அது ஒன்டிரைவுக்குள் மாற்றிவிடும். ஆனால் அதுவரை இருந்த கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகர்த்தாது. இவர்கள் லொகேஷன் என்ற பகுதியைத் திறந்தே பார்த்திருக்க வேண்டியதில்லை. தங்கள் கோப்புகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அன்று முதல் புதிய கோப்புகள் மேகத்துக்குப் போயின. பழையவை பழைய இடத்தில் தங்கின. பின்னர் வந்த ஒன்டிரைவ் பதிப்புகளில், இருக்கும் கோப்புகளையும் சேர்த்து நகர்த்தும்படி இது திருத்தப்பட்டிருந்தது. ஆனால் முன்பே இயக்கியவர்களின் கணினியில் இரண்டு இடங்கள் இருந்த நிலை அப்படியே தொடர்ந்தது.

நம் ஊர்க் கணினிகளில் இந்த நிலை எளிதில் ஏற்படக்கூடியது. உதிரிபாகங்களை வாங்கிக் கணினி கட்டித் தரும் கடைகளில் ஹார்ட் டிஸ்கை சி, டி, இ என்று பார்ட்டிஷன் பிரித்து, விண்டோஸுக்கு எனச் சி டிரைவில் சிறிய இடமே ஒதுக்குவது நெடுங்காலப் பழக்கம். 'ஃபார்மட் அடித்தால் சி மட்டும்தான் போகும், டி-யில் இருப்பது தப்பிக்கும்' என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் அறிவுரை. விண்டோஸ் கெட்டுப்போவதை மட்டும் நினைத்தால் அந்த அறிவுரை சரியானதே. டிஸ்கே பழுதானால் சி, டி இரண்டும் ஒன்றாகப் போகும் என்பதை அது சொல்வதில்லை. கோப்புறையின் முகவரியை டி-க்கு மாற்றும்போது பழைய முகவரியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்கவும் அது சொல்வதில்லை.

முன்பே சொல்லப்பட்ட குறை

வெளியீட்டுக்கு முன் விண்டோஸின் சோதனைப் பதிப்புகளைத் தன்னார்வமாக நிறுவிப் பார்ப்பவர்கள், கண்ட குறைகளை 'ஃபீட்பேக் ஹப்' என்ற செயலி வழியாகத் தெரிவிப்பார்கள். கோப்புகள் அழிந்தன என்ற முறையீடுகளும் அவ்வழியே முன்கூட்டியே வந்திருந்தன. அங்கே ஒரு குறைக்கு எத்தனை பேர் ஆதரவு வாக்களித்தார்கள் என்பதுதான் அதன் முக்கியத்துவத்தை உணர்த்தியது. அரிதாக நேரும் பேரிழப்புக்கு வாக்குகள் சேராது. எல்லோர் கண்ணிலும் படும் திரை நிறப் பிழைக்கு எளிதில் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, பொது வெளியீட்டுக்கு முன் கடைசியாகச் சரிபார்க்கும் சோதனை வட்டத்தையும் இந்தப் பதிப்பு கடக்கவில்லை. நிகழ்வுக்குப் பின், குறையின் தாக்கம் எவ்வளவு கடுமையானது என்பதைத் தெரிவிப்பவரே குறிக்கும் வசதியை ஃபீட்பேக் ஹப்பில் சேர்த்தனர். அடிப்படையான அந்த வசதியைச் சேர்க்க இவ்வளவு விலை தேவைப்பட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

வெளியீட்டின் வரிசைமுறையும் கவனிக்கத்தக்கது. அக்டோபர் 2 முதல் இந்த அப்டேட் தானாக எந்தக் கணினிக்கும் அனுப்பப்படவில்லை. தானியங்கி வழங்கல் அக்டோபர் 9 அன்றுதான் தொடங்குவதாக இருந்தது. இடைப்பட்ட நாட்களில் அமைப்புகளுக்குச் சென்று 'அப்டேட் உள்ளதா என்று பார்' என்ற பொத்தானை அழுத்தியவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. அந்தப் பொத்தானை அழுத்துபவர் பெரும்பாலும், பாதுகாப்புத் திருத்தம் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று அறியவே அழுத்துகிறார். அதையே 'புதிய பெரிய பதிப்பை இப்போதே தருக' என்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டது அமைப்பின் குறை. 2019 மே மாதம் வந்த அடுத்த பெரிய பதிப்பில் இது மாற்றப்பட்டது. பெரிய பதிப்பு தனியாகக் காட்டப்பட்டு, பயனர் அதற்கெனத் தனிப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இறங்கியது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களும் அப்டேட்டுகளை ஏழு நாள், ஏழு நாளாக மொத்தம் 35 நாட்கள்வரை ஒத்திவைக்கும் வசதியும் அப்போதுதான் கிடைத்தது.

திரும்பப் பெறும் வழிகள் எவ்வளவு உதவின

கோப்புகளை இழந்தவர்களுக்கு முதலில் தோன்றியது, பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்பதே. பெரிய அப்டேட்டுக்குப் பின் பத்து நாட்கள்வரை முந்தைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் கணினி வைத்திருக்கும். ஆனால் அது இயங்குதளத்தை மீட்பதற்கான ஏற்பாடு. திரும்பிய பிறகும் கோப்புகள் வரவில்லை என்று பலர் தெரிவித்தனர். சிஸ்டம் ரீஸ்டோர் என்பதும் அவ்வாறே. அமைப்புகளையும் கணினிக் கோப்புகளையும் பின்னோக்கிக் கொண்டுசெல்லுமே தவிர, சொந்த ஆவணங்களைத் தொடாது. இவை இரண்டும் 'பேக்கப் இருக்கிறது' என்ற பொய்யான நிம்மதியைப் பலருக்குத் தருகின்றன.

மைக்ரோசாஃப்ட் சொன்ன அறிவுரை வேறு: இழப்பு நேர்ந்ததாகச் சந்தேகம் இருந்தால் அந்தக் கணினியை இயன்றவரை பயன்படுத்தாதீர்கள், உதவி மையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பு அழிக்கப்படும்போது அதன் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்பு மென்பொருள்களால் அதைத் தேடி எடுக்க முடியும். ஆகவே காணாமற்போன கோப்புகளைத் தேடும் பதற்றத்தில் மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கி அதே டிஸ்கில் நிறுவுவது, தேடும் பொருளின் மேலேயே எழுதிவிடும் அபாயம் கொண்டது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படிப்பதே முறை.

சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி உள்ள கணினியில் இந்த வாய்ப்பும் குறைவு. கோப்பு அழிக்கப்பட்டதும், இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கிறது. 'ட்ரிம்' எனப்படும் இந்தக் கட்டளை கிடைத்தபின் எஸ்எஸ்டி தனக்கு வசதியான நேரத்தில் அந்தப் பகுதியை உண்மையாகவே துடைத்துவிடுகிறது. கணினி வேகமாக இயங்க ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள் என்று நானும் எல்லோருக்கும் சொல்வதுண்டு, அது சரியான அறிவுரையே. ஆனால் அழிந்த கோப்பை யாராவது மீட்டுத் தருவார்கள் என்ற பழைய நம்பிக்கையை ஹார்ட் டிஸ்கோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

விண்டோஸோடு வரும் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற பேக்கப் வசதியை இயக்கி வைத்திருந்தவர்கள் தப்பித்திருப்பார்களா? விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதி, வெளி டிஸ்க் ஒன்றில் மணிக்கொருமுறை மாறிய கோப்புகளின் நகலைச் சேமிக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அது முழு டிஸ்கையும் நகலெடுப்பதில்லை. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற தெரிந்த கோப்புறைகளையும், பயனர் தனியாகச் சேர்த்தவற்றையும் மட்டுமே எடுக்கிறது. டாக்குமெண்ட்ஸின் முகவரி டி டிரைவுக்கு மாறிவிட்டால் ஃபைல் ஹிஸ்டரியும் டி டிரைவைப் பார்க்கப் போய்விடும். சி டிரைவில் பழைய முகவரியில் தங்கிய கோப்புகள் அன்றிலிருந்து அதன் பார்வையில் இல்லை. அவை முகவரி மாறுவதற்கு முன் எடுத்த நகலில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. அப்டேட் எந்தக் கோப்புறையைக் கவனிப்பாரற்றது என்று நினைத்து அழித்ததோ, அதே கோப்புறையைப் பேக்கப்பும் கவனியாமல் விட்டிருக்கும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்தலான பகுதி இதுதான்.

டிஸ்க் முழுவதையும் உள்ளது உள்ளபடி ஒரே நகலாக, அதாவது இமேஜாக, வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழவில்லை. இமேஜ் எடுக்கும் மென்பொருளுக்கு எது டாக்குமெண்ட்ஸ், எது பழைய டாக்குமெண்ட்ஸ் என்ற வேறுபாடு இல்லை. டிஸ்கில் உள்ளவை அனைத்தும் நகலில் இருக்கும். இடமும் நேரமும் அதிகம் பிடிக்கும் முறை என்றாலும், பெரிய அப்டேட்டுக்கு முந்தைய நாளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன

இப்படி ஒரு செய்தி வந்ததும், விண்டோஸ் அப்டேட் சேவையை முடக்கிவிடுங்கள் என்று அறிவுரை சொல்லக் கிளம்புவோர் எப்போதும் உண்டு. அவர்களுக்கு முந்தைய ஆண்டின் நிகழ்வே போதிய பதில். 2017 மார்ச் 14 அன்று, கோப்புகளைப் பகிரப் பயன்படும் விண்டோஸ் நெறிமுறை ஒன்றிலிருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் மே 12 அன்று பரவத் தொடங்கியது. கோப்புகளை மறையாக்கம் செய்து, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது, தாமதித்தால் 600. பயனர் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. வலையமைப்பில் இருந்தாலே போதும். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்குத் திருத்தம் கிட்டத்தட்ட இரண்டு மாதங்களாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. திருத்தத்தை நிறுவாததுதான் மிச்சம்.

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். விண்டோஸுக்கு வருபவை ஒரே வகை அப்டேட்டுகள் அல்ல. மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை (நமக்கு அன்று இரவு) வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருவகை. விண்டோஸையே புதிதாக நிறுவுவதற்கு இணையான பெரிய பதிப்பு மற்றொரு வகை. இப்போது அது ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. முன்னதைச் சில நாட்களுக்கு மேல் தள்ளிப்போடுவது வான்னாகிரை போன்றவற்றுக்குக் கதவைத் திறந்து வைப்பது. பின்னதை ஒரு மாதம் தள்ளிப்போடுவதால் வீட்டுப் பயனர் இழப்பது ஏதுமில்லை. அந்த ஒரு மாதத்தில் முதலில் நிறுவியவர்களின் குறைகள் வெளிவந்துவிடும். 1809-இல் அப்படி வெளிவந்த பிற குறைகளும் உண்டு. ஜிப் கோப்பிலிருந்து எடுக்கும்போது, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் மாற்றட்டுமா என்று கேட்கும் பெட்டி வராமற்போனது அவற்றில் ஒன்று.

மாதாந்திரத் திருத்தங்களும் தவறே செய்யாதவை அல்ல. 2020 பிப்ரவரியில் வந்த ஒன்றை நிறுவிய சிலருக்கு, டெஸ்க்டாப் புத்தம் புதிதாக, தங்கள் கோப்புகள் எவையுமின்றித் திறந்தது. 2018-ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் பதறினார்கள். உண்மையில் அப்போது கோப்புகள் அழியவில்லை. விண்டோஸ் தற்காலிகப் பயனர் கணக்கு ஒன்றில் உள்நுழைத்திருந்தது. பழைய கணக்கின் கோப்புறை யூசர்ஸ் கோப்புறைக்குள் பெயர் சற்று மாறி அப்படியே இருந்தது. தன் கோப்புகள் டிஸ்கில் எந்த முகவரியில் இருக்கின்றன என்று அறிந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அறியாதவர் கடைக்குத் தூக்கிச் சென்று, ஃபார்மட் அடித்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

வீட்டுக் கணினியில் செய்யத்தக்கது

முதல் வேலை, கோப்புகள் இருக்கும் இடத்தை அறிவது. டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை வலச்சொடுக்கி, பண்புகளில் லொகேஷன் பகுதியைத் திறந்தால், விண்டோஸ் இப்போது எந்த முகவரியைச் சுட்டுகிறது என்பது தெரியும். அது சி டிரைவில் பயனர் பெயருக்கு நேர் கீழே இருந்தால் நல்லது. டி டிரைவிலோ ஒன்டிரைவுக்குள்ளோ இருந்தால், பழைய முகவரியையும் நேரில் திறந்து பார்க்க வேண்டும்: சி டிரைவ், யூசர்ஸ், பயனர் பெயர், டாக்குமெண்ட்ஸ் என்று படிப்படியாகச் செல்லலாம். அங்கே ஏதேனும் தங்கியிருந்தால் அதைப் புதிய இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். பிக்சர்ஸ், வீடியோஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றுக்கும் இதையே செய்ய வேண்டும்.

பிறகு நகல். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பெயரால் அறியப்படும் 3-2-1 என்ற விதியைப் பேக்கப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வார்கள்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. விதி நல்லதே என்றாலும், தொடங்காதவருக்கு அது மலைப்பைத் தரும். ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கை வாங்கி, மாதம் ஒருமுறை இணைத்து, நகலெடுத்து முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைப்பவர், 2018-இலும் 2017-இலும் நேர்ந்த இரண்டு இழப்புகளிலிருந்தும் பெரும்பாலும் தப்பியிருப்பார். கழற்றி வைப்பது இதில் இன்றியமையாதது. வான்னாகிரை, கணினியோடு இணைந்திருந்த வெளி டிஸ்குகளில் உள்ளவற்றையும் மறையாக்கம் செய்தது. கோப்புகளின் முந்தைய நிலையைக் காட்ட விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த நிழல் பிரதிகளையும் அழித்தது. இயங்குதளத்தின் கை எட்டுகிற இடத்தில் உள்ள நகல், இயங்குதளம் தவறு செய்யும் நாளில் நகலாக எஞ்சும் என்று நம்ப முடியாது.

மேகச் சேமிப்பு பற்றியும் இதே அளவுகோல்தான். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றின் இயல்பான வேலை ஒத்திசைவு. கணினியில் அழித்தால் அங்கும் அழியும். அழிந்தவை குப்பைத் தொட்டியில் முப்பது நாட்கள் இருக்கும் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கோப்புறைக்கு முப்பது நாள் போதாது. வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பிரதியாக அதைக் கணக்கில் கொள்ளலாம்; ஒரே பிரதியாகக் கொள்ளக் கூடாது.

எடுத்த நகல் திறக்கிறதா என்று சோதிப்பவர்கள் மிகக் குறைவு. வெளி டிஸ்கை வேறொரு கணினியில் இணைத்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றையும் சென்ற மாதத்து ஆவணம் ஒன்றையும் திறந்து பார்த்தால் போதும். இமேஜ் எடுப்பவர்கள், அதிலிருந்து கணினியைத் தொடங்கி மீட்கத் தேவையான பென் டிரைவையும் தயாராக வைத்து, அது உண்மையிலேயே துவங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கணினி நன்றாக ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யும் துப்புரவுப் பணியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இதே 1809 பதிப்பில்தான் 'டிஸ்க் கிளீனப்' கருவியின் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் சேர்க்கப்பட்டது. இயல்பாக அது தேர்வாகியிருக்காது என்றாலும், பட்டியலில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்து பழகியவர்களுக்குப் பதிவிறக்கியவை அனைத்தும் போயின. பின்னர் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பில் அதை அந்தக் கருவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சி டிரைவில் இடம் இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் நிற்கும், கணினியும் மெதுவாகும் என்பது உண்மையே. ஆனால் என்ன அழிகிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்தபின் இடத்தை விடுவிப்பது நல்லது. வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புத் 'துப்புரவு' மென்பொருள்களைப் பொறுத்தவரை, அவற்றை நிறுவாமல் இருப்பதே பராமரிப்பு என்பேன்.

இன்றைய நிலை

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பழைய கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றுவோரும் புதிய கணினி வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை ஒன்டிரைவுக்கு மாற்றும் ஏற்பாடு பயனரைக் கேட்காமலேயே இயங்கத் தொடங்குவது 2024 முதல் காணப்படுகிறது. இப்போது கோப்புகளும் சேர்ந்தே நகர்கின்றன என்பதால் 2018-இன் பிழைக்கு இங்கே இடமில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் என்ற நிலை மீண்டும் வந்திருக்கிறது. இலவச ஒதுக்கீடான 5 ஜிகாபைட் நிரம்பியதும் ஒத்திசைவு நின்றுவிடுகிறது. எரிச்சலில் இந்த ஏற்பாட்டை அணைப்பவர், சி டிரைவில் உள்ள டாக்குமெண்ட்ஸ் காலியாக இருப்பதைக் கண்டு, எல்லாம் அழிந்துவிட்டதாக நினைக்கிறார். கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள், அங்குள்ள டாக்குமெண்ட்ஸில் இருக்கும். அங்கிருந்து கையால் திரும்ப நகர்த்திக்கொள்ளலாம். நகர்த்தும் முன், கோப்புகளின் அருகே மேகக் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு' என்ற தெரிவை அழுத்தி அவை முழுமையாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேகக் குறியோடு உள்ள கோப்பின் பெயர் மட்டுமே கணினியில் இருக்கிறது. டிஸ்கை முழுமையாக இமேஜ் எடுத்தாலும் அதன் உள்ளடக்கம் அந்த இமேஜில் சேர்ந்திருக்காது.